பணிவிடையிலும் ஆராய்ச்சி உண்டு

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

‘ஆராய்ச்சி’ என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? கண்ணாடிக் குழாய்கள், நுண்ணோக்கி, வெள்ளை அங்கி அணிந்த ஓர் அறிஞர். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு மூதாட்டியும் அவரைப் புரட்டிக் கிடத்தும் ஒரு செவிலியும் தோன்றமாட்டார்கள். சென்ற ஆண்டுவரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த மூன்றாம் வாரம், இடுப்பின் கீழே ஒரு சிவந்த தடம் தெரிந்தது. வெறும் சூடு என்று எண்ணி, நாள்தோறும் நானே பவுடர் போட்டேன். பாட்டியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அசைக்காமல் தூங்கவிட்டேன். சில நாள்களில் அந்தத் தடம் ஆழமான புண்ணாயிற்று.

செவிலியாகப் பணிபுரியும் என் அக்கா விடுப்பில் வந்து பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, “ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ பாட்டியப் புரட்டிக் கிடத்தணும். ராத்திரியும்தான்” என்றாள். ஒரு தாளில் நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினாள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போடும் முறையைச் சொல்லித் தந்தாள். புண் ஆற நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதமும் என் மனத்தில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என்னிடம் அன்பு இருந்தது, அறிவு இல்லை. புண்ணுக்கு அதுதான் காரணம்.

இப்போது அக்கா முதுகலைச் செவிலியர் படிப்பில் சேர விரும்புகிறாள். அவள் ஆசைப்படும் ஊர் வேலூர். அப்பாவோ, “நர்சுக்குப் படிச்சாச்சு, வேலையும் கெடச்சாச்சு. இனி என்னத்துக்கு மக்களே படிப்பு?” என்கிறார். நம்மில் பலருடைய வீட்டிலும் கேட்கும் கேள்விதான் இது. அதற்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் மிகச் சிறியது. அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டு ஒரே ஒரு கட்டிலுடன் அதைத் தொடங்கினார். 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அமைந்தன. 1946இல் செவிலியர் கல்லூரி பட்டப்படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் செவிலியருக்கான பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு தொடங்கிய ஆண்டு அதுவே.

அதே 1946இல், நம் கொல்லிமலையில் பிறந்து இலண்டனில் அறுவை மருத்துவம் கற்ற டாக்டர் பால் பிராண்டு வேலூருக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் எல்லாரும் நம்பினர். பிராண்டு அதை நம்பிவிடவில்லை; கூர்ந்து கவனித்தார். சில நோயாளிகள் காலையில் எழும்போது விரலின் ஒரு பகுதி காணாமல் போயிருந்தது. இரவில் விழித்திருந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. நோயாளியோ வலி தெரியாமல் உறங்கிக்கொண்டிருந்தார்! அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. உணர்ச்சியில்லாத இடத்தில் சூடும் காயமும் அழுத்தமும் கெடுதி செய்கின்றன என்பது தெளிவாயிற்று. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையும் 1948இல் அங்கே தொடங்கியது.

அவருடன் பணியாற்றியவர்களில் டாக்டர் மேரி வர்கீஸ் ஒருவர். கொச்சியில் பிறந்தவர். 1954இல் நிகழ்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். ஆயினும் மனம் தளரவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்று 1962இல் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் மீண்டும் வாழக் கற்றுக்கொள்ளும் இடம் அது. அவர் பெற்ற மேற்பயிற்சி அவர் ஒருவருக்கான பட்டமாக நின்றுவிடவில்லை. எழுந்து நிற்க முடியாத பலருக்கு வாழ்வளித்தது.

என் பாட்டியின் புண்ணுக்கு விளக்கமும் இங்கேதான் கிடைத்தது. ஒரே பக்கமாகக் கிடந்தால், எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்குகிறது. அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை இறக்கிறது. நமக்கு உடல் உறுத்துவதால் தூக்கத்திலும் புரண்டு கொள்கிறோம். உணர்ச்சியோ அசைவோ இழந்தவருக்காக வேறொருவர் புரட்ட வேண்டும். அந்த வேறொருவர் காரணமறிந்தவராக இருக்க வேண்டும்.

ஒரு காரணம் சரியென்று தோன்றினால் மட்டும் போதாது; சோதித்தும் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரசுக்கு எதிரான இந்தியத் தடுப்பு மருந்தை எடுத்துக்கொள்வோம். தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தும், மற்றவர்களுக்கு மருந்தில்லாச் சொட்டும் தந்து, இரு சாராரையும் தொடர்ந்து கவனித்து ஒப்பிட்டார்கள். பெற்றோரின் சம்மதம் பெற்றே இது நடந்தது. 2014இல் முடிவுகள் வெளிவந்தன. 2016 முதல் அம்மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. ஆய்வகத்தில் பிறந்த மருந்தானாலும், வீடு வீடாகச் சென்று குழந்தைகளைப் பார்த்தவர்களின் பொறுமை இல்லாமல் அதன் பயனை அறிந்திருக்க முடியாது.

அக்கா விரும்பும் முதுகலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள். பட்டம் பெற்றபின் ஓராண்டாவது பணிபுரிந்திருக்க வேண்டும். மருத்துவ அறுவைச் செவிலியம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என்பவற்றுள் ஒரு பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து ஆய்வேடு எழுத வேண்டும். ஆய்வில் யாருக்கும் தீங்கு நேராது என்று அறநெறிக் குழு பார்த்து அனுமதித்த பின்னரே தொடங்கலாம். “நோயாளியோட வீட்டுக்காரங்களுக்கு முதல்லயே சொல்லிக் குடுத்தா, படுக்கைப்புண் எவ்வளவு குறையும்?” என்பதுதான் அக்காவின் கேள்வி. இரு குடும்பக் குழுக்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று திட்டமும் வைத்திருக்கிறாள்.

செவிலியம் மட்டுமன்று, சமூகப்பணியிலும் முதுகலைப் படிப்பு உண்டு. திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சென்னையில் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். வீட்டுக்குத் திரும்பும் நோயாளியை யார் கவனிப்பார், குடும்பத்தின் பிழைப்பு என்னாகும் என்பவற்றைப் பார்ப்பவர் மருத்துவச் சமூகப் பணியாளர். மருந்துச் சீட்டில் எழுத முடியாத தேவைகள் இவை.

நம் மாவட்டத்துக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. எவரெஸ்டு மலை ஏறச் சென்ற ஆங்கில மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல், 1922இல் நெய்யூர் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே திரண்டிருந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டு, இலண்டன் வாழ்வை விட்டு இங்கேயே பணிசெய்யத் துணிந்தார். பல்லாண்டு உழைத்தபின் 1949இல் வேலூர் சென்று, அறுவை மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியரானார். ஒருவர் இரு கைகளால் எத்தனை பேருக்குச் சிகிச்சை செய்ய இயலும்? கற்பித்தால் அக்கைகள் பல நூறாகப் பெருகும் அன்றோ!

மருத்துவத்தின் நான்கு உறுப்புகளில் ஒன்றாக, நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவரையும் சேர்த்தார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் நாம் மறப்பதில்லை. நான்காமவருக்கு மட்டும் ‘இவ்வளவு படித்தது போதும்’ என்று எல்லை வகுப்பது எவ்வாறு முறையாகும்?

இதையெல்லாம் எழுதி முடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சரியென்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. சற்று நேரம் சுவரிலிருந்த அக்காவின் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மணி பத்தாச்சு மக்களே. வா, அம்மையத் திருப்பிக் கிடத்தணும்” என்று எழுந்தார். இருவரும் சேர்ந்து பாட்டியை இடப்பக்கமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்தோம். அட்டவணையில் பத்து மணிக்கு எதிரே அப்பாவே குறியிட்டார்.