கையொப்பமிட முன் கேளுங்கள்!

சொந்த வீடு நம் எல்லோரதும் ஆசை. ஆனால் வட்டிக்கு அஞ்சி வங்கிப் படியே ஏறாதவர்களும், அவசரத்தில் வாசிக்காமலே கையொப்பமிடுபவர்களும் நம்மில் உண்டு. அந்த ஒரு கையொப்பம் பல வருட உழைப்பைக் கட்டிப் போட்டுவிடும்.

2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இலங்கையில் வட்டியில்லா வங்கிமுறைக்கு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி செயற்படத் தொடங்கியது. வீட்டுக்கு 'குறைந்து செல்லும் முஷாரகா' எனும் கூட்டு முறை உண்டு. ஒரு கோடி ரூபா வீட்டுக்கு நீங்கள் 30 இலட்சமும் வங்கி 70 இலட்சமும் இடுவதாக வைத்துக் கொள்வோம். வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்தபடி, அப்பங்கையும் சிறிது சிறிதாக வாங்கிக் கொள்வீர்கள். அது குறையக் குறைய, அதற்குரிய வாடகையும் குறையும்.

இதிலெல்லாம் அனுபவமுள்ள முகவர் ஒருவர் உடனிருப்பது நன்று. பல நிறுவனங்களின் நிபந்தனைகளை அவர் ஒப்பிட்டுக் காட்டுவார். வாடகை வீதம் எப்போது மாறும், முன்கூட்டியே தீர்த்தால் என்ன செலவு, நொத்தாரிசுக்கு எவ்வளவு என்றெல்லாம் உங்களுக்காகக் கேட்பார். அவருக்குக் கூலி கொடுப்பது ஆகுமானதே. ஆனால் கூலியை முதலிலேயே பேசி எழுதிக் கொள்ளுங்கள். "வங்கியிடமும் தரகு வாங்குகிறீர்களா?" என்றும் கேளுங்கள். மழுப்புபவரை விட்டு விலகுங்கள்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஏவும் வசனமே. ஆகவே, முகவர் இருந்தாலும் ஒப்பந்தத்தை வீட்டாரோடு அமர்ந்து வாசித்து, விளங்கிய பின்னரே பேனாவை எடுங்கள். இன்ஷா அல்லாஹ், வீட்டில் பரகத் உண்டாகும்.