‘அமைதியாகக் கேளுங்கள்’னு அவர் சொல்லலை! ஜெர்மனில் குழப்பும் குட்டி வார்த்தைகள்

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை. அங்கே நீங்கள் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் நர்ஸ் சிரித்த முகத்தோடு, ‘ஃப்ராகன் ஸீ ரூயிஹ்!’ என்கிறார்.

‘ஃப்ராகன் ஸீ’ என்றால் கேளுங்கள். ‘ரூயிஹ்’ என்றால் அமைதியாக. ‘ஓ... சத்தம் போடாம கேட்கணும் போல’ என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள். அல்லது, எதற்கு வம்பு என்று கேட்காமலே இருந்துவிடுகிறீர்கள்.

ஆனால், அவர் சொன்னது... ‘தயங்காம கேளுங்க!’

ஜெர்மன் படிப்பவர்களைச் சுற்றலில் விடுபவை பெரும்பாலும் நீளமான வார்த்தைகள் இல்லை. இப்படிப்பட்ட குட்டி வினையடைகள்தான். அகராதியில் ஓர் அர்த்தம் இருக்கும். பேச்சில் வரும்போது, பேசுபவரின் மனநிலையைக் காட்டும் வேலையைச் செய்யும். இந்த வேலையைச் செய்யும் சொற்களை ‘மொடால்பார்ட்டிகல்’ என்கிறார்கள். ஹரால்ட் வைட் என்ற மொழியியலாளர் 1969-ல் இவற்றைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

மாத்திரை முன்னாடியா, பின்னாடியா?

‘ஏர்ஸ்ட்’ என்றால் முதலில். ‘ஏர்ஸ்ட் எஸ்ஸன்’ என்றால், முதலில் சாப்பாடு. சரி, ‘டீ டாப்லெட்டெ ஏர்ஸ்ட் நாஹ் டெம் எஸ்ஸன்’ என்றால்? இங்கே ‘முதலில் மாத்திரை’ என்று புரிந்துகொண்டால் ஆபத்து. ‘சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை’ என்பதே சரி.

‘டாக்டர் ஏர்ஸ்ட் பத்து மணிக்கு’ என்றாலும் அப்படியே. பத்து மணிக்குத்தான் வருவார். அதற்கு முன் வரமாட்டார். நம்ம ‘தான்’ இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது, கவனித்தீர்களா?

ஒரு நிமிஷம் வாயேன்!

‘கொம்!’ என்றால் ‘வா!’. கேட்கவே அதட்டல் மாதிரி இருக்கும். ‘கொம் மால்!’ என்றால் ‘கொஞ்சம் வாயேன்’. ‘மால்’ என்பது ‘ஒருமுறை’ என்ற பொருள் தரும் ‘ஐன்மால்’ என்பதன் சுருக்கம். ஆனால், இங்கே யாரும் முறையை எண்ணுவதில்லை. நாம் ‘ஒரு நிமிஷம் வாங்க’ என்று கூப்பிட்டால், கடிகாரத்தைப் பார்த்தா 60 விநாடி எண்ணுகிறோம்?

ஒரே ‘டொஹ்’, இரண்டு வேலை

‘நீ வரலையா?’ என்று கேட்கிறார்கள். நீங்கள் வருகிறீர்கள். ‘யா’ (ஆமாம்) என்று பதில் சொன்னால் குழப்பம். ‘டொஹ்!’ என்று அழுத்திச் சொல்ல வேண்டும். ‘வர்றேனே!’ என்று அர்த்தம்.

அதே ‘டொஹ்’, ‘ஸெட்ஸன் ஸீ ஸிஹ் டொஹ்’ என்று நடுவில் மெதுவாக வந்தால், ‘உட்காருங்களேன்’ என்ற உபசரிப்பு.

ஆறுதலும் ஆச்சர்யமும்

‘ஷோன்’ என்றால் ஏற்கெனவே. ஆனால், கவலையில் இருப்பவரிடம் ‘டாஸ் விர்ட் ஷோன்’ என்றால், ‘எல்லாம் சரியாகிடும்’. அழகு என்று பொருள் தரும் ‘ஷேன்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை என்பது கூடுதல் தகவல்.

‘ஃபிலைஹ்ட்’ என்றால் ஒருவேளை. குளிரில் நடுங்கியபடி ஒருவர், ‘டாஸ் இஸ்ட் ஃபிலைஹ்ட் கால்ட்!’ என்றால், அவருக்குச் சந்தேகமே இல்லை. ‘யப்பா, என்னா குளிரு!’ என்கிறார்.

எப்படிப் பழகுவது?

* இந்தச் சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். முழு வாக்கியமாக எழுதிவைத்து, யார் யாரிடம் சொன்னார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* அழுத்தத்தைக் கவனியுங்கள். மனநிலையைச் சொல்லும்போது பெரும்பாலும் அழுத்தம் இல்லாமல் வந்துபோகும்.

* தமிழில் ‘தான்’, ‘ஏ’, ‘ஏன்’, ‘கொஞ்சம்’ போட்டுச் சொல்லிப்பாருங்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது. ஆனால், பாதி வாக்கியங்களின் தொனி பிடிபட்டுவிடும்.

* மருந்து, நேரம் பற்றிய பேச்சில் சந்தேகம் வந்தால், புரிந்ததைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அவர்களே சொல்லிவிட்டார்களே... ‘ஃப்ராகன் ஸீ ரூயிஹ்!’