ஹஜ்ரத்திடம் போங்கள், டாக்டரிடமும் போங்கள்

கோவில்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் மஃரிபு தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் தாய்மார் பிள்ளைகளோடு நிற்பதைப் பார்க்கலாம். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் பிள்ளையின் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். நிற்பவர்களில் பொட்டு வைத்த தாய்மாரும் உண்டு. காய்ச்சல் இறங்கவில்லை என்றால் அதே தாய் மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஓதியதும் ஊசியும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

நோய் மனதில் என்றால் மட்டும் இந்த நல்ல வழக்கம் நின்றுவிடுகிறது. தாயத்து, ஓதிய தண்ணீர், தர்காவில் தங்கல் என்று மாதங்கள் போகும். ஆஸ்பத்திரி கடைசியில் வரும், பல வீடுகளில் வராமலே போகும். அதற்குள் ஒரு திருமணம் முறிந்திருக்கும், ஒரு கடை மூடியிருக்கும், ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருக்கும்.

வீட்டுச் சண்டையாக வெளியே தெரியும் நோய்

மனச்சோர்வு நம் பக்கத்தில் அந்தப் பெயரில் வருவதில்லை. 'உடம்பெல்லாம் உளையுது', 'நெஞ்சு படபடங்குது', 'தலை கனமா இருக்கு', 'ராத்திரி பூராம் முழிப்பு' என்று வருகிறது. இரத்தம், ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்து 'ஒண்ணுமில்லை' என்று வந்ததும், வீட்டில் அந்தப் பெண்ணுக்கு 'நடிக்கிறவள்' என்ற பெயர் விழுந்துவிடும். கணவன் சவூதியிலோ துபாயிலோ இருப்பான். மாமியார் போனில் ஒரு கதை சொல்வாள், மருமகள் வேறொன்று சொல்வாள். அங்கே எட்டுப் பேர் தங்கும் அறையில் கட்டிலில் கிடந்தபடி இரண்டையும் கேட்கிறவனுக்கும் தூக்கம் போய்விடும். ஊர் இதைக் குடும்பப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருப்பது சிகிச்சைக்குக் கட்டுப்படும் ஒரு நோய்.

ஆண்களிடம் இந்த நோய் அழுகையாக வருவது குறைவு. எரிந்து விழுவது, கடையைத் திறக்காமல் படுத்துக் கிடப்பது, பிள்ளைகளைக் காரணமில்லாமல் அடிப்பது என்று வரும். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் சம்சாரி கையில் காசு இராது. சம்சாரியையும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்களையும் நம்பிக் கடை வைத்திருப்பவர் கையிலும் இராது. கடன்காரன் வாசலுக்கு வரும் மாதங்களில் வீட்டுக்குள் சத்தம் கூடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எந்நேரமும் மனம் சோர்ந்து கிடப்பதும் எதிலும் ஈடுபாடு அற்றுப்போவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், கூடவே தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. 'ஐந்து வேளை தொழுகிறவளுக்கு ஏன் மனசு வாடணும்? ஈமான் குறைவுதான்' என்று சொல்கிற பெரியவர்களிடம் இரண்டு விஷயங்களை நினைவுபடுத்த விரும்புகிறேன். மகன் யூசுஃபைப் பிரிந்த துக்கத்தில் அழுதழுது பார்வை இழந்த யஃகூப் ஒரு நபி. நபிகள் நாயகத்தின் மனைவி கதீஜா நாயகியாரும் பெரிய தந்தை அபூதாலிபும் மறைந்த ஆண்டுக்கு இஸ்லாமிய வரலாற்றில் துக்க ஆண்டு என்றே பெயர். நபிமார்களுக்கு வந்த துக்கம் ஒரு மருமகளுக்கு வரக்கூடாதா?

கவுன்சலிங் மேற்கத்தியச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பிறந்த இஸ்லாமிய அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாமல் கவியும் துக்கத்தையும் பிரித்துக் காட்டினார். கோபத்துக்கும் பயத்துக்கும் பேச்சாலும் சிந்தனையாலும் மருந்து உண்டு என்றார். விடாமல் வந்து தொல்லை தரும் எண்ணங்களுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். அவை அடுத்து வரும் விஷயம்.

வஸ்வாஸ்

கரிசல் ஊர் ஒன்றில் ஒரு வீடு. பிளஸ் டூ படிக்கும் பையன் ஒளு செய்யக் குழாயடிக்குப் போனால் முக்கால் மணி நேரம் வருவதில்லை. முழங்கை நனைந்ததா என்று சந்தேகம், மறுபடி கழுவுவான். தக்பீர் கட்டிய பிறகு நிய்யத் சரியாக வைத்தோமா என்று சந்தேகம், தொழுகையை முறித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். தாமிரபரணித் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்துக் கிடந்த ஊர் கோவில்பட்டி. அப்படிப்பட்ட சீமையில் குடம் குடமாகத் தண்ணீர் போனால் வீட்டில் என்ன நடக்கும்? அத்தா திட்டுவார். அவன் ஒளிந்து கழுவ ஆரம்பிப்பான்.

ஊரில் இதை வஸ்வாஸ் என்பார்கள், ஷைத்தானின் வேலை என்பார்கள். மருத்துவத்தில் இது எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. இதே நோய் வேறொரு வீட்டில் பூட்டை இருபது முறை இழுத்துப் பார்ப்பதாக வரும். பக்தியுள்ள வீட்டில் பக்தியைப் பற்றிக்கொள்ளும். புதிதாகத் திருமணமான இளைஞர்களில் சிலருக்கு 'வாய் தவறி தலாக் சொல்லிட்டேனோ' என்ற பயமே நோயாகிவிடும். மனைவியோடு பேசவே நடுங்குவார்கள். அவளுக்குக் காரணம் புரியாது, தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தாய்வீடு போய்விடுவாள்.

இந்த நோயில் ஆலிமும் டாக்டரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றேதான். உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் மாற்றாது என்பது ஃபிக்ஹு சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. வஸ்வாஸ் உள்ளவர் சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் மேலே போகவேண்டும் என்றுதான் இமாம்கள் தீர்ப்பு சொல்கிறார்கள். மனநல ஆலோசகர் தரும் பயிற்சியும் அதுவே: ஒருமுறை கழுவு, சந்தேகம் வந்தால் வரட்டும், மறுபடி கழுவாமல் அந்தத் தவிப்போடு இரு, தவிப்பு தானாக இறங்கும். படிப்படியாகச் செய்யவேண்டிய பயிற்சி இது. பலருக்கு மாத்திரையும் சேர்த்துத்தான் குணம் தெரியும். மாத்திரை வேலை செய்ய எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம், பத்து நாளில் நிறுத்திவிடக்கூடாது.

வீட்டார் ஒன்றை மட்டும் தவிர்க்கவேண்டும். 'நனைஞ்சிருச்சா அம்மா?' என்று பிள்ளை கேட்கும்போதெல்லாம் 'நனைஞ்சிருச்சுப்பா' என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் நோய்க்குத்தான் தீனி. ஹஜ்ரத்திடம் ஒருமுறை தீர்ப்புக் கேட்கலாம். தினமும் கேட்கப் போனால் அதுவும் நோயின் ஒரு பகுதிதான்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள்

பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கு உண்டு, தானாகச் சரியாகும். அதற்குப் பிறகும் நீடித்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. அரிதாக, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில், தாய்க்குத் தூக்கம் அறவே போய், சம்பந்தமில்லாத பேச்சும், காதில் குரல் கேட்பதும், பிள்ளை தன்னுடையதில்லை என்ற எண்ணமும் சில நாள்களுக்குள் வந்துவிடும். 'காத்துக் கருப்பு', 'ஜின்' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக்கூடாத அவசர நோய் இது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாயையும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள்.

கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கும் இதேபோல் கவனம் வேண்டும். நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கும் காலத்தில் மருத்துவத் தேவைக்காக வெளியே போவதை மார்க்க அறிஞர்கள் தடுப்பதில்லை. மனநோய்க்கும் அது பொருந்தும்.

ஏர்வாடி

எட்டயபுரம், விளாத்திகுளம், சாயல்குடி வழியாகக் கடற்கரைக்குப் போனால் ஏர்வாடி தர்கா. கரிசல் மக்கள் மதம் பார்க்காமல் தலைமுறைகளாகப் போகிற இடம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், அங்கே தர்காவுக்கு அருகே இருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஊரில் இருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள்.

அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கவனிக்க ஆளில்லாமல், எங்கே போவதென்று தெரியாமல் வந்த ஏழைக் குடும்பங்கள். தர்கா வாசலில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தால் அவர்களில் பலர் மாத்திரையோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

பின்னாளில் அதுதான் நடந்தது. 'தவா–துவா', அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்ற பெயரில் தர்காவிலேயே மனநல மருத்துவமனைச் சேவை தொடங்கியது. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்காவில் முதலில் செய்து பார்த்த முறை இது. துவா ஓதுகிறவர் ஓதிவிட்டு, 'அங்கே டாக்டரையும் பார்த்துட்டுப் போ' என்று அனுப்புகிறார். மாத்திரை இலவசம். ஒருவரின் நம்பிக்கையை உடைக்காமல் அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இதற்கு ஏர்வாடி வரை போகவேண்டியதும் இல்லை. ஒவ்வொரு மஹல்லா பள்ளிவாசலின் இமாமும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லலாம்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்கிறது. வீட்டிலும் தர்காவிலும் இது பொருந்தும்.

ஜமாத்து கூடுவதற்கு முன்னால்

கணவன் மனைவிக்குள் பிளவு வந்தால் அவன் வீட்டிலிருந்து ஒரு நடுவர், அவள் வீட்டிலிருந்து ஒரு நடுவர் வைத்துப் பேசுங்கள் என்பது குர்ஆன் காட்டும் வழி. 2002ஆம் ஆண்டு ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே எடுத்துச் சொல்லி, சமரச முயற்சி நடக்காத தலாக் செல்லாது என்றது. ஆனால் நடைமுறையில் ஜமாத்து கூடும்போது பெரும்பாலும் இரு தரப்பும் வக்கீல் நோட்டீஸ் அளவுக்கு முறுக்கிக்கொண்டிருக்கும். பெண்ணின் தரப்பை அவளுடைய அத்தாவோ அண்ணனோ பேசுவார். படுக்கையறைச் சங்கடத்தை, அடியை, தூக்கமில்லாத இரவுகளை ஒரு அண்ணன் எப்படிச் சபையில் சொல்வார்?

இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கான ஜமாத்தை 2000-களின் தொடக்கத்தில் கட்டினார். பெண்ணின் சொல்லைப் பெண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அவருடைய எல்லாக் கருத்தையும் ஏற்காதவர்கள்கூட அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஜமாத்து பார்க்கும் குடும்ப வழக்குகளில் பேச ஒரு ஆலிமாவும், பயிற்சி பெற்ற ஒரு பெண் ஆலோசகரும் வேண்டும். பிரிவு பற்றிப் பேசுமுன் 'இரண்டு பேரில் யாருக்காவது சிகிச்சை தேவையா?' என்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். மலேசியாவில் முஸ்லிம் மணமக்கள் நிக்காஹ்வுக்கு முன்பே திருமண வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கவேண்டும். நிக்காஹ் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் நம் ஜமாத்துகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குவது பெரிய செலவில்லை.

அடி, உதை இருக்கும் வீட்டில் மட்டும் சமரசம் முதலில் வரக்கூடாது, பாதுகாப்பு வரவேண்டும். 181 பெண்கள் உதவி எண். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் உரியது.

நோன்பும் மாத்திரையும்

ரமலான் தலைப்பிறை தெரிந்ததும் மாத்திரையைச் சொந்தமாக நிறுத்திவிடுகிறவர்கள் பலர். பெரும்பாலான மனநல மாத்திரைகளை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்றிக்கொள்ளலாம், மாற்றுவது மருத்துவராக இருக்கவேண்டும். லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் தனிக்கவனமாக இருக்கவேண்டும். உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகும், கோவில்பட்டி வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். மாதம் பிறக்குமுன் மருத்துவரைப் பாருங்கள். நோன்பு வேண்டாம் என்று அவர் சொன்னால் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது.

இன்னொன்று வெளியே பேசப்படுவதே இல்லை. ஹராம் என்பதால் குடியை ஒளித்து வைத்திருப்பவர்கள் நம்மிடம் உண்டு. தினமும் அதிகம் குடித்த ஒருவர் முதல் நோன்புக்காகச் சட்டென்று நிறுத்தினால், ஓரிரு நாளில் கை நடுக்கமும் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் வரலாம். உயிருக்கு ஆபத்தான நிலை அது. நிறுத்த நினைத்தது நல்ல எண்ணம், ஆஸ்பத்திரி மேற்பார்வையில் நிறுத்தவேண்டும்.

எங்கே போவது

கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் பார்க்கும் நாள் எது என்று கேளுங்கள். பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி இரண்டும் பக்கம்தான். வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஜமாத்துக்குத் தெரிந்துவிடும், தங்கச்சி கல்யாணம் தட்டிப்போகும் என்ற பயம் பலருக்கு உண்டு. நோயாளியின் விவரத்தை ரகசியமாகக் காப்பது மருத்துவருக்குச் சட்டக் கடமை.

'செத்துப்போயிரலாம்' என்று யாராவது சொன்னால், பாவம் என்று வாயை அடைக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள், அன்றே 14416-ஐ அழையுங்கள். முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே சட்டம் கருதுகிறது. அதனால் போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கவேண்டாம்.

முதல்முறை போகும்போது பழைய சீட்டுகளையும், நாட்டு மருந்து உட்பட இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும் எடுத்துப் போங்கள். பெண் கருவுற்றிருந்தாலோ கருவுற நினைத்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாது. ஓதிப் பார்த்ததையும் தாயத்துக் கட்டியதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவற்றைக் கழற்றச் சொல்லாமல் மருந்து தரும் டாக்டர்கள் இருக்கிறார்கள். மனச்சோர்வு மாத்திரைக்குப் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரவேண்டியிருக்கும், நிறுத்தும் நாளையும் மருத்துவரே சொல்வார்.