ஏட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர்

பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும், வீட்டில் அழைக்க வேறொரு பெயருமாக வளரும் பிள்ளைகளை நாம் அறிவோம். நெதர்லாந்து நாட்டில் இது தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய வழக்கமாகும். அன்றாடம் அழைக்கும் பெயரை டச்சு மக்கள் 'ரூப்நாம்' என்பர். இப்பெயர் அரசுப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. தம் முன்னோரைத் தேடிப் புறப்படும் வாரிசுகளுக்கு முதல் முட்டுக்கட்டை இதுவே.

பழைய தேவாலய ஏடுகளில், குறிப்பாகக் கத்தோலிக்கரின் ஏடுகளில், பெயர்கள் பெரும்பாலும் இலத்தீன் வடிவில் எழுதப்பட்டன. ஏட்டில் யொஹான்னஸ் எனக் காணப்படுபவர் ஊராருக்கு யான். யாக்கோபுஸ், யாப் அல்லது கோஸ். கொர்நேலிஸ் ஒரு வீட்டில் கேஸ், மற்றொரு வீட்டில் கோர். குடும்பக் கடிதத்தில் 'கேஸ்' என்று கண்டு, அப்பெயரையே ஏட்டில் தேடுபவர் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

ஒரே பெயரில் இருவர்

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மூத்த ஆண்மக்களுக்குத் தந்தைவழிப் பாட்டனார், தாய்வழிப் பாட்டனார் ஆகியோரின் பெயர்களைச் சூட்டுவது அங்கு மரபு. குழந்தை இறந்துவிட்டால், அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பதும் உண்டு.

புகழ்பெற்ற ஓவியர் வின்சென்ட் வான்கோவின் குடும்பமே இதற்குச் சான்று. தந்தைவழிப் பாட்டனார் வின்சென்ட். தாய்வழிப் பாட்டனார் வில்லெம். ஓவியரின் முழுப்பெயர் வின்சென்ட் வில்லெம். அவர் பிறந்தது 1853 மார்ச் 30. சரியாக ஓராண்டுக்கு முன், 1852 மார்ச் 30 அன்று, உயிரற்றுப் பிறந்த அண்ணனுக்கும் அதே பெயர்தான். ஸுண்டர்ட் ஊரின் தேவாலயத் தோட்டத்தில் அக்குழந்தையின் கல்லறை இன்றும் உள்ளது. தம்பி தியோவின் பதிவுப்பெயர் தியோடோரஸ். தந்தையின் பெயரும் அதுவே. தங்கை எலிசபெத் வீட்டில் லீஸ், வில்லெமினா, வில்.

ஆய்வாளர் செய்ய வேண்டியது

ஆகவே, பெயரை மட்டும் நம்பி ஒருவரை முன்னோர் எனத் தீர்மானித்தல் தகாது. பிரெஞ்சு ஆட்சியின்கீழ் 1811ஆம் ஆண்டில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு முறை நாடெங்கும் பரவியது. தென்பகுதியில் அது முன்னரே தொடங்கிவிட்டது. அத்திருமணப் பதிவுகளில் மணமக்களின் பிறந்த ஊரும், இருவருடைய பெற்றோர் பெயர்களும் காணப்படுகின்றன. பெற்றோர், தேதி, ஊர் ஆகிய மூன்றும் ஒத்துவந்தால்தான் கேஸும் கொர்நேலிஸும் ஒருவரே எனத் துணியலாம். உடன்பிறந்தோர் அனைவரின் பதிவுகளையும் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டால், மறைந்த குழந்தையையும் வாழ்ந்த பிள்ளையையும் பிரித்தறியலாம்.

வீட்டுப் பெயரை அறிந்த முதியோர் மறைந்தால், அப்பெயரும் அவர்களோடு மறைந்துவிடும். புகைப்படத்தின் பின்புறத்தில் இரு பெயர்களையும் பிறந்த ஆண்டையும் குறித்துவைப்பது எளிய செயல். பேரப்பிள்ளைகளுக்கோ அது பேருதவி.