பாதம் சுடும் நேரம்

சிறுபோக வேளாண்மை வெட்டு முடிந்த நாட்களில் வெல்லாவெளிப் பக்கம் போயிருப்பவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதுதான். வீதியின் ஒரு பாதியில் வாகனங்கள் ஓடும். மறு பாதியில் நெல் காயும். காலையில் கொட்டிப் பரப்பி, இடையிடையே காலால் கிளறிவிட்டால் போதும், பின்னேரம் அள்ளிக் கட்டிவிடலாம். போர் முடிந்த 2009க்குப் பிறகு படுவான்கரையில் காபட் வீதிகள் வந்ததிலிருந்து இந்த வசதி கூடிவிட்டது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கறுப்பு வீதி அடுப்பிலேற்றிய தாச்சி மாதிரித்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அப்படியொரு யூலை மாதத்தில், வாப்பாவுக்குச் சோறு கட்டிக்கொண்டு மருதமுனையிலிருந்து போயிருந்தேன். களுவாஞ்சிகுடியில் திரும்பிப் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி நாங்கள் போய்ச் சேரும்போது ளுஹருக்கு நேரமாகிவிட்டது. வாடிக்குப் பக்கத்து மருத மரத்தடியில் எங்கள் முல்லைக்காரர் ஒரு நாயின் முன்னால் குந்தியிருந்தார். கறுவல் என்று கூப்பிடுவார்கள். அது முன்னங்காலை மாறி மாறித் தூக்குவதும் நக்குவதுமாக இருந்தது.

"இஞ்ச பாருங்க தங்கச்சி, கால் ரெண்டும் வெந்து போச்சு. காலையிலிருந்து நெல்லுக்குக் காவலா ரோட்டிலேயே நிண்டிருக்கு. மாட்ட விரட்டுறதும் ஓடுறதும்" என்றார் அவர்.

உள்ளங்காலின் கறுத்த தோல் ஓரிடத்தில் கொப்பளித்தும் ஓரிடத்தில் உரிந்து சிவந்தும் இருந்தது. எனக்கு முதலில் வந்தது பரிதாபமல்ல, பயம். உண்மையைச் சொல்கிறேன். கிட்டப் போனால் உடுப்பில் பட்டுவிடுமே, ஏழு தரம் கழுவ வேண்டுமே என்ற பயம். நாயைக் கண்டால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். வாசிக்கும் சகோதரிகளில் பலரும் அப்படித்தான் இருப்பீர்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தை நாம் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறோம். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி நாய் கடுமையான நஜீஸ். அதில் மாற்றமில்லை. அதன் எச்சிலோ வேறு ஈரமோ பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை சுத்தமான மண் கலந்து. ஆனால் நாயும் உலர்ந்திருந்து நம் உடுப்பும் உலர்ந்திருந்தால், பட்டதனால் மட்டும் எதுவும் அசுத்தமாகாது. தவிர, இது சுத்தம் பற்றிய சட்டம். நாயைக் கல்லால் எறிவதற்கோ தண்ணீர் கொடுக்காமல் விரட்டுவதற்கோ இதில் எங்கும் அனுமதி இல்லை. தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்று எச்சரித்த ஹதீஸிலேயே வேட்டைக்கும், மந்தைக்கும், பயிருக்கும் வைத்திருக்கும் நாய்களுக்கு விலக்கு உண்டு. கறுவல் பயிர்க்காவல் நாய். அந்தப் பகுதியில் இரவில் யானை இறங்கினால் வாடியில் படுத்திருப்பவர்களுக்கு முதலில் தெரிவது நாயின் குரைப்பால்தான். எங்கள் நெல்லையும் அதற்குக் காவலிருக்கும் மனிதரையும் அது காத்திருக்கிறது.

தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்து மன்னிப்புப் பெற்ற பெண்ணின் சம்பவம் எல்லோருக்கும் தெரியும். ஹதீஸில் வரும் சிறு விபரத்தைத்தான் நாம் கவனிப்பதில்லை. அது கடும் வெப்பமான ஒரு நாள். நாய் நாக்கைத் தொங்கவிட்டபடி கிணற்றைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அவளிடம் வாளியுமில்லை, கயிறுமில்லை. காலணியைக் கழற்றி, தலைத்துணியில் கட்டி இறக்கி நீர் மொண்டாள். ஒழுக்கம் கெட்டவள் என்று ஊர் ஒதுக்கிய பெண் அவள்.

இன்னொரு ஹதீஸ் இந்த விடயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஸஹீஹ் முஸ்லிமில், ஸைத் இப்னு அர்கம் (ரலி) அவர்கள் அறிவிப்பது. அவ்வாபீன்களின் தொழுகைக்குரிய நேரம் எது என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒட்டகக் குட்டிகளைக் கொண்டு அடையாளம் காட்டினார்கள்: மணல் காய்ந்து குட்டிகளின் பாதம் சுடத் தொடங்கும் வேளை. அதில் வரும் சொல்லின் வேர்தான் ரமழான் என்ற பெயரிலும் இருப்பது, சுட்டெரிக்கும் தரையின் சூடு. நாம் ளுஹாத் தொழுகைக்கு நாட்காட்டியைப் பார்க்கிறோம். அந்த மக்களுக்கோ ஒரு குட்டியின் பாதம் எப்போது சுடும் என்பது தெரிந்திருந்தது.

கறுப்புத் தரை ஏன் இப்படிக் கொதிக்கிறது என்பதை ஹஜ்ஜுக்குப் போய்வந்த உம்மாமார்களிடம் கேளுங்கள். கஃபாவைச் சுற்றிய வெள்ளைப் பளிங்குத் தரையில் உச்சி வெயிலிலும் வெறுங்காலோடு தவாஃப் செய்யலாம். கிரேக்கத்திலிருந்து வரும் அந்தத் தாசோஸ் பளிங்கு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. செருப்பைத் தொலைத்துவிட்டு வெளியே தார் வீதியில் நான்கு அடி வைத்தவர்களுக்கு மற்றது தெரியும். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ஹரமில் வெப்பம் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் மரணித்ததாக சவூதி அரசு அறிவித்தது. அரஃபாவில் நமிரா பள்ளிவாசலைச் சூழ்ந்த வீதிகளுக்கு வெளிர்நிறப் பூச்சுப் பூசியதும் தரையின் சூட்டைக் குறைக்கத்தான்.

நமது பகுதியில் அவ்வளவு வெப்பம் இல்லைதான். ஆனால் காற்று 30 பாகையாக இருக்கும்போதே வெயிலில் கிடக்கும் தார் 55 பாகையைத் தாண்டிவிடும். 60 பாகைச் சூடு மனிதத் தோலைச் சுட்டுப் புண்ணாக்கச் சில விநாடிகள் போதும். நாயின் உள்ளங்கால் தடித்ததுதான், இரும்பல்ல. குட்டிகளுக்கு அந்தத் தடிப்பும் கிடையாது. நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதும் நாய்க்கு இல்லை. அதன் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் உள்ளங்காலில்தான் இருக்கின்றன. மற்றபடி நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். கீழே தார், மேலே வெயில், குடிக்கத் தண்ணீரில்லை என்றால் கால் மட்டுமல்ல, உயிரும் போய்விடலாம்.

வீதி சுடுகிறதா என்று பார்க்கப் புறங்கையைத் தாரில் வைத்து ஏழு எண்ணுங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது. பிள்ளைகளுக்கும் இதைச் செய்து காட்டுங்கள். அஸர் நேரத்தில் வெயில் தணிந்துவிட்டதென்று நினைக்கக் கூடாது. உள்வாங்கிய சூட்டைத் தார் மஃரிபு வரைக்கும் விடாது. வீதியோரப் புல்லிலும் மரநிழல் மண்ணிலும் நாய்க்கு இடம் விட்டால் அதுவே ஒதுங்கிக்கொள்ளும். நிழலில் கிடப்பதை எழுப்பி வெயிலுக்கு விரட்டுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் அநியாயம்.

கால் வெந்துவிட்டால் சாதாரணத் தண்ணீரைப் பத்து நிமிடமாவது மெல்ல ஊற்ற வேண்டும். ஐஸ் வேண்டாம். பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள் ஒன்றும் பூச வேண்டாம். பனடோல் கொடுக்கவே கூடாது. நாய்க்கு அது ஆபத்து, பூனைக்கு விஷம். கொப்பளமோ உரிந்த தோலோ இருந்தால் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். வலியிலிருக்கும் நாய் பழகியவரையும் கடிக்கும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நாய் ஊசி அங்கே இலவசம்.

அன்று நான் வாளியைச் சற்று உயரப் பிடித்து ஊற்ற, முல்லைக்காரர் இரு கைகளிலும் சொப்பிங் பேக்கை மாட்டிக்கொண்டு கறுவலின் காலைப் பிடித்திருந்தார். வாப்பா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தாமாகவே எழுந்து போய் ஒரு சாக்கை நனைத்து வந்து மரத்தடியில் விரித்தார். அதில் படுத்த நாய் அன்று இரவு வரை எழும்பவில்லையாம். கால் ஆறப் பல நாள் எடுத்தது.

எங்கள் வீட்டுக் கோடியில் ஓரம் உடைந்த மண்சட்டி ஒன்று கிடந்தது. அதை நாய்க்கென்றே ஒதுக்கி வாடியில் வைத்துவிட்டோம். வேறெதற்கும் அதைத் தொடுவதில்லை, நிரப்பும்போது மேலிருந்து ஊற்றுவதோடு சரி. இப்போது நெல் காயும் நாட்களில் பத்து மணிக்கெல்லாம் முல்லைக்காரர் நாயைக் கூப்பிட்டு நிழலில் கட்டிவிடுகிறார். மாடுகளை அவரே விரட்டுகிறார், காலில் செருப்போடு.