வருஷத்துக்குக் கீழ என்ன இருக்கு? உங்க காசு பிறந்த ஊரைக் கண்டுபிடிக்கலாம்

போன வாரம் மதுரையில இருந்து அத்தை போன் பண்ணாங்க. அப்பத்தாவோட சுருக்குப்பையில 1985ஆம் வருஷ ஒரு ரூபாய் காசு ஒண்ணு கிடைச்சிருக்கு. வருஷத்துக்குக் கீழ ஆங்கில 'எச்' எழுத்து. வாட்ஸ்அப்ல யாரோ ஒருத்தர், "இது ஹைதராபாத் ஸ்பெஷல், 5 லட்சம் தர்றோம், முதல்ல 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டுங்க"ன்னு சொல்லியிருக்கார்.

"அத்தை, பணம் அனுப்பிட்டீங்களா?"

"இல்லப்பா, சாயங்காலம் அனுப்பலாம்னு இருந்தேன்."

நல்லவேளை! அந்த ஆள் சொன்னதுல ஊரே தப்பு. எப்படின்னு பார்ப்போம்.

இந்தியாவுல இப்ப 4 இடத்துலதான் காசு அடிக்கிறாங்க: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. தமிழ்நாட்டுல ஒண்ணு கூட இல்லை. சென்னையில தங்கசாலைத் தெருன்னு பேர் மட்டும்தான் மிச்சம்.

எந்த மிண்ட்ல அடிச்சதுன்னு தெரிய, வருஷத்துக்கு நேர் கீழ ஒரு சின்னக் குறி இருக்கும். டைமண்ட் இருந்தா மும்பை. அஞ்சு முனை நட்சத்திரம்னா ஹைதராபாத். வட்டமா ஒரு புள்ளின்னா நொய்டா. அந்த மிண்ட் 1988லதான் ஆரம்பிச்சது. எதுவுமே இல்லைன்னா கொல்கத்தா. நம்ம கோடிங் பாஷையில சொன்னா, காலியா இருக்கிறதும் ஒரு வேல்யூதான். ஆனா தேய்ஞ்ச காசுல அவசரப்பட்டு கொல்கத்தான்னு முடிவு பண்ணாதீங்க, குறி அழிஞ்சும் போயிருக்கலாம். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சா, லேசா மேடு தெரியும்.

அப்போ அந்த 'எச்'? அது ஹீட்டன் மிண்ட். இங்கிலாந்துல பர்மிங்காம்ல இருந்தது. 1985 வாக்குல நாட்டுல சில்லறைத் தட்டுப்பாடு. இங்க அடிக்கிறது போதாம வெளிநாட்டுலயும் காசு அடிக்கக் கொடுத்தாங்க. அதே வருஷ 25 பைசாவுல 'சி' இருந்தா, அது கனடாவோட ஒட்டாவா.

கேட்க சுவாரஸ்யமா இருக்குல்ல? ஆனா குறி ஊரைத்தான் சொல்லும், விலையைச் சொல்லாது. எத்தனை காசு அடிச்சாங்க, எவ்வளவு தேயாம இருக்கு, வாங்க ஆள் இருக்கா, இதை வச்சுதான் விலை. 'எச்' காசு சேகரிக்கிறவங்க கிட்ட சாதாரணமாவே இருக்கும். லட்சமெல்லாம் வாய்ப்பே இல்லை.

இன்னொண்ணு. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி பழைய காசுக்குக் கமிஷன், கட்டணம்னு கேட்கிறாங்கன்னு 2021 ஆகஸ்ட்லயே அந்த வங்கி எச்சரிச்சது. தாங்க இந்த மாதிரி வியாபாரத்துல இறங்குறதே இல்லை, கட்டணம் எதுவும் கேட்கிறதில்லைன்னு தெளிவா சொல்லிருச்சு. நிஜமாவே காசு வாங்குறவர் உங்களுக்குத்தான் பணம் தருவார், உங்ககிட்ட கேட்க மாட்டார்.

அத்தை அந்த நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. காசு திரும்ப அப்பத்தா சுருக்குப்பைக்கே போயிருச்சு. "பர்மிங்காம்ல இருந்து வந்துச்சா?"ன்னு அப்பத்தாவுக்கு ஒரே சிரிப்பு.

இன்னைக்கு டீக்கடையில மிச்சம் வாங்குற சில்லறையைத் திருப்பிப் பாருங்க. அப்படியே வீட்டுப் பெரியவங்களுக்கும் இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுங்க.