பதினைந்து நாள் "பசாமைந்து" நாள் ஆன விந்தை!

ஒரு பட்டனை ஒரே ஒரு முறை தட்டினால் போதும். நூறு பக்கப் புத்தகத்தில் ஒரு சொல் வருகிற இடமெல்லாம், அதற்குப் பதிலாக வேறு சொல் வந்து உட்கார்ந்துவிடும்!

கம்ப்யூட்டர் செய்யும் இந்த வேலைக்கு "தேடி மாற்றுதல்" என்று பெயர். மொழிபெயர்ப்பைத் திருத்துகிறவர்களுக்கு இது வலது கை மாதிரி. ஆனால் கொஞ்சம் அசந்தால், இந்த வலது கையே புத்தகத்தைக் கெடுத்துவிடும்.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஜவ்வாது மலைக்கு வாருங்கள்.

சாமையா? தினையா?

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. "மலையாளிகள்" என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சாமை, இந்த மலையின் பேர் பெற்ற பயிர்.

சாமை வேறு, தினை வேறு. ஆங்கிலத்தில் சாமைக்கு "லிட்டில் மில்லட்" என்று பெயர். தினைக்கு "பாக்ஸ்டெயில் மில்லட்" என்று பெயர். "பாக்ஸ்டெயில்" என்றால் நரிவால். தினைக் கதிர் நரிவால் போல நீண்டு தொங்குவதால் வந்த பெயர் இது.

சாமை சாகுபடி பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்று தமிழில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்த்தவர் சாமை என்று எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் தினை என்று எழுதிவிட்டார். திருத்துகிறவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். "தினையைத் தேடு, சாமை என்று மாற்று" என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது.

ஆனால் நடந்தது என்ன?

"விதைத்த பதினைந்து நாளில் களை எடுக்கவும்" என்று இருந்தது. அது "விதைத்த பசாமைந்து நாளில்" என்று ஆகிவிட்டது!

"நிலத்தினை நன்றாக உழவும்" என்று இருந்தது. அது "நிலத்சாமை நன்றாக உழவும்" என்று மாறிவிட்டது!

"பதினைந்து" என்ற சொல்லுக்குள் "தினை" ஒளிந்திருக்கிறது. "நிலத்தினை" என்பதிலும் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எழுத்து மட்டுமே. அது தானியமா, எண்ணா என்பது அதற்குத் தெரியாது.

இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய ஒருவர் இதைப் படித்தால் என்ன ஆகும்? அச்சில் வந்தது சரியாகத்தான் இருக்கும், தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நினைப்பார். களை எடுக்கும் நாளும் தவறிப்போகும்.

சொல்லின் தலையைப் பார்!

இதற்கு வழி உண்டு. "முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் மாற்று" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லலாம். பதினைந்து தப்பிவிடும். ஆனால் தினையை, தினைக்கு, தினையில் என்று வரும் இடங்கள் மாறாமல் நின்றுவிடும். தமிழ்ச் சொல்லுக்கு வால் உண்டு அல்லவா?

ஆகவே, "சொல்லின் தலையில் தினை இருக்க வேண்டும், வால் எதுவாக இருந்தாலும் சரி" என்று சொல்ல வேண்டும். அப்போது தினையை என்பது சாமையை ஆகும். பதினைந்துக்கு ஆபத்து இல்லை.

இப்படிச் சொல்லுக்கு நிபந்தனை போட்டுத் தேடும் முறைக்கு அஸ்திவாரம் போட்டவர் ஸ்டீபன் கிளீனி என்ற அமெரிக்கக் கணித அறிஞர். அவருடைய கட்டுரை 1956-ல் வெளிவந்தது. அது வெறும் கணக்காகவே இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் தேடும் கருவியாக ஆக்கும் வழியை, கென் தாம்சன் என்ற நிபுணர் 1968-ல் வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் இது பயன்படுகிறது.

முன்னால் நிற்கும் ஒற்று

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. "அந்தத் தினை" என்பதை மாற்றினால் "அந்தத் சாமை" என்று வரும். இது பிழை. "அந்தச் சாமை" என்றுதான் வர வேண்டும்.

எனவே முதலில் "த் தினை" என்பதைத் தேடி, "ச் சாமை" என்று மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றத் தினைகளைத் தொட வேண்டும். வரிசை மாறினால் வேலை கெட்டுவிடும்.

சாமை தினையாகவும், தினை சாமையாகவும் இடம் மாறி இருந்தால்? அப்போது இன்னும் ஜாக்கிரதை தேவை! முதலில் தினையைச் சாமை ஆக்கினால், எல்லாமே சாமை ஆகிவிடும். எது பழைய சாமை, எது புதுச் சாமை என்று தெரியாது.

பால் இருக்கும் சொம்பில் மோரையும், மோர் இருக்கும் சொம்பில் பாலையும் மாற்ற மூன்றாவது சொம்பு வேண்டும் அல்லவா? அதே தந்திரம்தான். முதலில் தினையை மூன்று நட்சத்திரக் குறியாக மாற்ற வேண்டும். பிறகு சாமையைத் தினை ஆக்க வேண்டும். கடைசியில் நட்சத்திரக் குறியைச் சாமை ஆக்க வேண்டும்.

காவலூரில் ஒரு கோள்

அதே ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி இருக்கிறது. 1986 ஜனவரி 6-ந்தேதி அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார். 1988-ல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. அதன் எண் 4130.

முன்பு "கிரகம்" என்று எழுதினார்கள். இப்போது பள்ளிப் பாடங்களில் "கோள்" என்று எழுதுகிறார்கள். பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் "கிரகம்" என்பதை ஒரே தட்டில் "கோள்" என்று மாற்றினால் என்ன ஆகும்?

கோவிலில் இருக்கும் விக்கிரகம் "விக்கோள்" ஆகிவிடும்! சுவாமியின் அனுக்கிரகம் "அனுக்கோள்" ஆகிவிடும்!

இங்கே வாலும் மாறுகிறது. கிரகத்தை என்பது கோளை. கிரகத்தில் என்பது கோளில். கிரகங்கள் என்பது கோள்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும்.

மூலத்தைக் கேள்!

இவ்வளவு செய்தாலும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடாது. அந்தக் குறிப்பிலேயே ஓரிடத்தில் உண்மையான தினையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அல்லது தினைக்குருவி வந்திருக்கலாம். அதைச் சாமைக்குருவி ஆக்கலாமா?

அதனால் அனுபவசாலிகள் வேறு வழி செய்கிறார்கள். இடது பக்கம் ஆங்கில வாக்கியம், வலது பக்கம் தமிழ் வாக்கியம் என்று வரிசையாக வைக்கிறார்கள். "இடது பக்கம் லிட்டில் மில்லட் இருந்து, வலது பக்கம் சாமை இல்லாத வரிகளை மட்டும் காட்டு" என்று தேடுகிறார்கள். தவறான வரிகள் மட்டும் வந்து நிற்கும். நரிவால் தினை பத்திரமாக இருக்கும்.

வேலை தொடங்கும் முன் பழைய பிரதி ஒன்றைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. "எல்லாவற்றையும் மாற்று" என்ற பட்டனைத் தட்டாமல், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது அதைவிட நல்லது.

கடைசியாக, திருத்தியதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பிய "பசாமைந்து", நாக்குக்குத் தப்பாது!